கொசஸ்தலை ஆற்றில் கிடைத்த கறுப்புக் கல் விண்கல்லா?

கேள்வி: மணலி புதுநகர் பக்கம் ஆற்றில் தண்ணீர் வற்றியிருந்தபோது என் மகன் மூன்று கற்களைப் பொறுக்கி வந்தான். ஒன்று கறுப்பு, நல்ல கனம், மேலெல்லாம் சின்னச் சின்ன ஓட்டை, காந்தம் ஒட்டுகிறது. இன்னொன்று பச்சைக் கண்ணாடி மாதிரி. மூன்றாவது பழுப்புக் கூழாங்கல், ஒரு பக்கம் உடைந்து கூராக இருக்கிறது. கறுப்புக் கல் விண்கல்லாக இருக்குமா?

பதில்: அநேகமாக இருக்காது. கல் என்னவென்று பார்ப்பதற்கு முன்னால், அது அங்கே எப்படி வந்தது என்று பார்த்துவிடுங்கள். மணலி, எண்ணூர் பக்கமெல்லாம் வண்டல் நிலம். ஆறு மேலே உருட்டிக்கொண்டு வரும் கூழாங்கற்களை பூண்டி நீர்த்தேக்கமும், அதற்குக் கீழே தாமரைப்பாக்கம், வல்லூர் அணைக்கட்டுகளும் பெரும்பாலும் நிறுத்திவிடும். கடல் பக்கம் வந்து சேர்வது மணலும் சேறும்தான். அங்கே கைப்பிடி அளவுக்கு ஒரு கல் கிடந்தால் ஆற்றைவிட லாரி மேல்தான் எனக்குச் சந்தேகம் வரும். பள்ளம் நிரப்பக் கொட்டிய கிராவல், கட்டட இடிபாடு, பட்டறைக் கழிவு என்று கரையோரம் என்னதான் இல்லை?

உங்கள் கறுப்புக் கல்லைக் காட்டிக்கொடுப்பது அந்த ஓட்டைகள். உருக்கிய இரும்புக்கு மேல் மிதக்கும் கசடு ஆறும்போது உள்ளே மாட்டிய வாயு குமிழியாக நின்றுவிடும். பட்டறைக்காரர்கள் இதை ஸ்லாக் என்பார்கள். விண்கல்லில் குமிழி ஓட்டை இருப்பது மிக அபூர்வம். புதிதாக விழுந்ததென்றால் மெல்லிய கறுப்புத் தோல் ஒன்று மூடியிருக்கும். மேலே கட்டைவிரலால் அழுத்திய மாதிரி மேடுபள்ளம் இருக்கலாம், துளை இருக்காது. காந்தத்தை மட்டும் நம்பாதீர்கள். கசடிலும் இரும்பு மிச்சம் இருக்கும், மேக்னடைட் என்ற இரும்புத்தாதுக் கல்லிலும் காந்தம் ஒட்டும்.

இன்னொன்றும் செய்யலாம். பளபளப்பு இல்லாத டைல்ஸின் பின்பக்கத்தில் கல்லை அழுத்தி ஒரு கோடு இழுங்கள். கறுப்புக் கோடு விழுந்தால் மேக்னடைட்டாக இருக்கலாம், செம்பழுப்பு விழுந்தால் ஹேமடைட் என்ற இன்னொரு இரும்புத்தாது. பெரும்பாலான விண்கற்கள் கோடே போடாது. கசடும் பல நேரம் போடாது என்பதால் முடிவு ஓட்டையை வைத்துத்தான். இணையத்தில் இதே மாதிரி கல்லை லட்சங்களுக்கு விற்கிறார்கள், வாங்குபவர் பாவம்.

பச்சைக் கல்லுக்கு ஒரு பூதக்கண்ணாடி போதும். உள்ளே வட்டமான குமிழிகள் தெரிந்தால் அது பாட்டில் கண்ணாடியாகவோ உலைக் கசடுக் கண்ணாடியாகவோ இருக்கும். மரகதம் குவார்ட்ஸ் என்ற கடினமான படிகக் கல்லையே கீறும், கண்ணாடியால் அது முடியாது.

எனக்கு ஆர்வம் அந்த மூன்றாவது கல்லில்தான், அது ஆதிமனிதர் செய்த கற்கருவியாக இருக்குமோ என்று. இதே ஆற்றின் மேல்பகுதியில், பூண்டிக்கு அருகே இருக்கிறது அதிரம்பாக்கம். புவியியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863-இல் பல்லாவரத்தில் கற்கருவியைக் கண்டெடுத்த அதே ஆண்டில், சக புவியியலாளர் வில்லியம் கிங்குடன் சேர்ந்து அங்கேயும் கருவிகளைக் கண்டார். தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர் அங்கு கிடைத்த பழைய கருவிகளுக்கு ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டு வயது என்று 2011-இல் அறிவித்தார்கள். பெரும்பாலும் குவார்ட்சைட் என்ற கடினமான பாறைக் கல்லில் செய்தவை. உங்கள் கல்லும் பழுப்புக் குவார்ட்சைட்டாக இருந்தால் உடைந்த பக்கத்தை வெயிலில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். உடைப்பின் நிறம் கல்லின் மேல்தோலைப் போலவே மங்கியிருக்கிறதா, இல்லை பளிச்சென்று புதுசாக இருக்கிறதா? பளிச்சென்றால் ஜல்லி இயந்திரமோ லாரிச் சக்கரமோ உடைத்தது. மங்கியிருந்தால் அடுத்து, சில்லு பெயர்ந்த தழும்புகளை எண்ணுங்கள். தானாக உடைந்த கல்லில் ஒன்றிரண்டு முறிவுதான் இருக்கும். ஆதிமனிதர் கையில் பிடித்து வெட்டிய கற்கருவியான கைக்கோடரியில் இரண்டு முகத்திலும் சில்லு பெயர்ந்த பள்ளங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, விளிம்பு வளைந்து வளைந்து போகும். பிடிக்கும் அடிப்பக்கத்தில் பழைய கூழாங்கல் தோல் கொஞ்சம் மிச்சம் இருப்பதும் உண்டு. ஒரு பக்கம் மட்டும் கூர் என்று நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் வாய்ப்பு குறைவு, ஆனாலும் பார்த்துவிடுங்கள். கிராவலோடு வந்த கல் என்றாலும் அது கருவியாக இருக்கக்கூடாது என்றில்லை. எந்த மண்ணோடு வந்தது என்பதுதான் தெரியாமல் போகும்.

அப்புறம் ஒன்று. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர் கழிமுகம் பக்கம் எண்ணெய் படிந்தது நினைவிருக்கும். பிசுபிசுப்பான கறுப்புப் பூச்சு இருக்கும் கல்லைப் பையன் வெறுங்கையால் எடுக்க வேண்டாம். கசடுக் கல்லை வீட்டில் உடைத்துப் பார்ப்பதும் வேண்டாம். சில்லு கண்ணாடி மாதிரி தெறிக்கும்.

சந்தேகம் தீரவில்லையென்றால் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் புவியியல் பிரிவு இருக்கிறது. கல்லோடு, அது கிடந்த இடத்தின் படத்தையும் கொண்டுபோங்கள். வெள்ளிக்கிழமை விடுமுறை.