சைடு ஷோவில் இருந்தவர்கள் எப்படிப் பிழைத்தார்கள்? ஜானி எக்கை வைத்து ஒரு பதில்

கேள்வி: பழைய அமெரிக்க சர்க்கஸ்களில் உடற்குறை உள்ளவர்களை மேடையில் உட்காரவைத்துக் காசு வாங்கினார்களே, அந்தக் காசில் அவர்களுக்கு ஏதாவது கிடைத்ததா? இல்லை, முழுக்கச் சுரண்டல்தானா?

பதில்:

ஆளுக்கு ஆள் மாறும். ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தது, அட்டை விற்ற காசு யார் பைக்குப் போனது என்ற இரண்டைத் தெரிந்துகொண்டால் பாதி விடை கிடைத்துவிடும். அட்டை என்ன என்பது புரிய, கூடாரத்துக்குள் வியாபாரம் நடந்த விதத்தை முதலில் பார்க்க வேண்டும்.

பெரிய கூடாரத்துக்குப் பக்கத்தில் தனி டிக்கெட்டோடு நிற்கும் சின்னக் கூடாரம்தான் சைடு ஷோ. அதில் மிகவும் ஓடிய வடிவத்தை 'டென்-இன்-ஒன்' என்பார்கள், ஒரே டிக்கெட்டில் ஏறக்குறைய பத்து உருப்படிகள். வெளியே வரிசையாகப் படம் வரைந்த துணிகள் தொங்கும். படத்தில் இருக்கும் பிரம்மாண்டம் உள்ளே இருக்காது. வாசலில் ஒரு சின்ன மேடை போட்டு, ஒரு கலைஞரை இலவசமாக இரண்டு நிமிடம் காட்டிக் கூட்டம் சேர்ப்பார்கள். அங்கே நின்று பேசுபவரை வெளி ஆட்கள் 'பார்க்கர்' என்பார்கள். தொழிலில் இருந்தவர்களுக்கு அந்தச் சொல் பிடிக்காது, அவர்களுக்கு அவர் 'டாக்கர்'.

உள்ளே மேடைகள் வரிசையாக இருக்கும். விளக்கம் சொல்பவர் கூட்டத்தை மேடை மேடையாக நகர்த்திக்கொண்டே போவார். ஒரு சுற்று முடிவதற்குள் அடுத்த கூட்டம் உள்ளே நிற்கும். கூட்டமுள்ள நாளில் ஒரே வித்தையைப் பத்துத் தடவைக்கு மேல் செய்ய வேண்டியிருக்கும். கடைசியில் ஒரு திரை தொங்கும், அதற்குப் பின்னால் இருப்பதைப் பார்க்கக் கூடுதல் காசு. அதற்கு 'ப்ளோ-ஆஃப்' என்று பெயர். கூட்டத்தை வெளியே தள்ளி அடுத்தவர்களுக்கு இடம் பண்ணுவதும் அதன் வேலை.

இனி அட்டை. ஒவ்வொரு கலைஞரும் தன் முறை முடிந்ததும் தன் புகைப்படம் அச்சிட்ட அட்டையை விற்பார். 'பிட்ச் கார்டு' என்பது அதுதான். கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார்கள், சிலர் தங்கள் வாழ்க்கைக் கதையைச் சின்னப் புத்தகமாகவும் விற்றார்கள். ராட்சத உயரம் உள்ளவர்கள் தங்கள் விரல் அளவில் செய்த மோதிரத்தை விற்பார்கள். வாரச் சம்பளம் முதலாளி தருவது, அட்டைக் காசு பெரும்பாலும் கலைஞருடையது. அதனால் சும்மா உட்கார்ந்திருப்பவரைவிட, நாலு வார்த்தை பேசி சிரிக்கவைக்கத் தெரிந்தவர் அதிகம் சம்பாதித்தார். உடம்பைப் பார்த்து டிக்கெட் வாங்குவார்கள், வாயைப் பார்த்துத்தான் அட்டை வாங்குவார்கள்.

இப்போது சைடு ஷோ கலைஞர் ஜானி எக்கிடம் வருவோம். அவர் 1911 ஆகஸ்ட் 27 அன்று அமெரிக்காவின் பால்டிமோரில் இரட்டையரில் ஒருவராகப் பிறந்தார். முதுகெலும்பின் அடிப்பகுதி வளராத பிறவிக் குறை. விளம்பரத்தில் 'அரை மனிதன்'. உண்மையில் அவருக்குக் கால்கள் இருந்தன, பயன்படாத மிகச் சின்னக் கால்கள். அவற்றை மறைக்கும்படி உடையைத் தனியாகத் தைத்துக்கொண்டார். இதை ஏமாற்று என்று சொல்ல மாட்டேன், சைடு ஷோவில் எதையும் அப்படியே காட்டுவதில்லை. சார்லஸ் ஸ்ட்ராட்டன் என்ற குள்ளச் சிறுவனை நான்கு வயதில் அமெரிக்கக் காட்சி முதலாளி பார்னம் வேலைக்கு எடுத்தபோது, பதினொரு வயது என்று சொல்லித்தான் மேடையேற்றினார். நான்கு வயதுக் குழந்தை குள்ளமாக இருந்தால் யார் காசு கொடுப்பார்கள்? 'ஜெனரல் டாம் தம்ப்' என்ற பட்டமும் அப்படிச் சூட்டியதுதான்.

ஜானியின் பெயர்பெற்ற வித்தை, ஒற்றைக் கையில் தலைகீழாக நிற்பது. கால் இல்லாததால் பாரம் குறைவு, அதனால் எளிது என்று நினைக்கத் தோன்றும். பாரம் குறைவுதான், ஆனால் சமநிலை எளிதல்ல. உள்ளங்கையில் விளக்குமாற்றை நிறுத்திப் பாருங்கள், கொஞ்ச நேரம் நிற்கும். பென்சிலை நிறுத்துங்கள், கை நகர்வதற்குள் விழுந்துவிடும். உயரம் குறையக் குறைய விழும் வேகம் கூடும். ஜானி நின்றது பென்சில் கணக்கில்.

1937இல் ராஜா ராபாயிட் என்ற மந்திரவாதியோடு அவர் செய்த 'ஆளை இரண்டாக அறுக்கும்' வித்தைக்கு நான்கு பேர் வேண்டும்: மந்திரவாதி, ஜானி, கால்கள் உள்ள இரட்டைச் சகோதரர் ராபர்ட், ஒரு குள்ள மனிதர். பார்வையாளர் நடுவில் உட்கார்ந்திருக்கும் ராபர்ட் மந்திரவாதியைக் கிண்டல் செய்வார். 'வா, உன்னையே அறுக்கிறேன்' என்று மேடைக்கு அழைப்பார்கள். மறைவில் ஆள் மாறுவார்கள்: மேல்பாதிக்கு ஜானி, கீழ்பாதிக்கு, தலை வரைக்கும் மறைக்கும் பேன்ட் போட்ட குள்ளர். அறுத்து முடித்ததும் கால்கள் மட்டும் எழுந்து ஓடும். ஜானி மேசையிலிருந்து குதித்து, கைகளால் ஓடி, 'என் காலைக் கொடு' என்று துரத்துவார். அரங்கில் அலறிக்கொண்டு வெளியே ஓடியவர்கள் உண்டு. பிறகு மேடை ஆட்கள் ஜானியைத் தூக்கி அந்தக் கால்கள்மேல் வைத்து மறைவுக்குக் கொண்டுபோவார்கள். முழு ஆளாக ராபர்ட் வெளியே வந்து, 'வழக்குப் போடுவேன்' என்று கத்திவிட்டு வெளியேறுவார். மற்ற மந்திரவாதிகள் பெட்டியும் கண்ணாடியும் வைத்துப் பாடுபட்டதை இவர்கள் முகச்சாயலை வைத்து முடித்தார்கள். ஆனால் ராபர்ட்டை முன்கூட்டியே ஊருக்குள் யாராவது ஜானியோடு பார்த்துவிட்டால் வித்தை போச்சு.

ஒப்பந்தம் எங்கே கெடும் என்பதற்கும் ஜானியே உதாரணம். அவரை மேடைக்குக் கொண்டுவந்தவர் ஒரு மந்திரவாதி. 1923இல், ஜானிக்குப் பன்னிரண்டு வயதில், தாய் ஓராண்டுக்குக் கையெழுத்துப் போட்டார். அந்த 1க்குப் பின்னால் ஒரு பூஜ்யத்தைச் சேர்த்துப் பத்தாண்டு ஆக்கிவிட்டார்கள் என்று ஜானி பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். பத்திரத்தில் தொகையை எண்ணாலும் எழுத்தாலும் எழுதச் சொல்வது இதற்காகத்தான். அடுத்த ஆண்டே அவர் வேறு கார்னிவலுக்குப் போய்விட்டார். பிறகு ராபர்ட் கூடவே இருந்து கணக்கைப் பார்த்துக்கொண்டார். கூடப் பிறந்தவர் ஒருவர் பெட்டிச் சாவியை வைத்திருந்தது ஜானியின் அதிர்ஷ்டம்.

அந்த அதிர்ஷ்டம் ஜோசப் மெரிக்குக்கு இல்லை. லண்டனில் 'யானை மனிதன்' என்று அறியப்பட்டவர். அவரை யாரும் பிடித்துக்கொண்டு போகவில்லை. லெஸ்டர் ஊரில் ஏழைகள் விடுதியில் நான்கு ஆண்டுகளுக்கு மேல் கிடந்துவிட்டு, 1884இல் தானே ஒரு கேளிக்கை அரங்க உரிமையாளருக்குக் கடிதம் எழுதித்தான் காட்சிக்கு வந்தார். ஐம்பது பவுண்டு வரை சேர்த்தார். 1886இல் ஐரோப்பாவில் கூட்டிக்கொண்டு சுற்றிய மேலாளர் அதைப் பறித்துக்கொண்டு நடுத்தெருவில் விட்டார். சம்பாதிப்பது ஒரு திறமை என்றால், சம்பாதித்ததைக் காப்பது வேறு திறமை. தலையின் பாரத்தால் படுத்துத் தூங்கக்கூட முடியாத ஒருவருக்கு இரண்டாவது எப்படி வாய்க்கும்?

தொழிலில் மரியாதைக்கும் படிநிலை இருந்தது. பிறவியிலேயே அப்படி இருந்தவர்களுக்கு முதலிடம். பச்சை குத்திக்கொண்டு வந்தவர்களும் வாள் விழுங்குபவர்களும் அதற்குக் கீழே. போலிக்குப் பெயர் 'காஃப்', அதற்கு மதிப்பே கிடையாது. பிறவிக் கலைஞர்களிலும் ஏதாவது வேலை செய்து காட்டியவர்தான் நீடித்தார். பிரிட்டிஷ் கயானாவில் பிறந்த பிரின்ஸ் ரேண்டியனுக்குக் கையும் இல்லை, காலும் இல்லை. உடம்பை ஒட்டிய கம்பளி உடை ஒன்று, இடுப்பையும் தோளையும் அசைத்து நகர்வார். மரக்கட்டையில் செருகிய சவரக்கத்தியில் முகத்தை உரசிச் சவரம் செய்வார், உதட்டால் சிகரெட் சுற்றுவார். 1932இல் வந்த ஒரு எம்ஜிஎம் படத்தில் ஜானியும் ரேண்டியனும் இருக்கிறார்கள். அதில் ரேண்டியன் வாயாலேயே தீப்பெட்டியைத் திறந்து, குச்சியை உரசி, சிகரெட்டைப் பற்றவைப்பதைப் பார்க்கலாம்.

சட்டம் உள்ளே வந்தபோது நிலைமை சிக்கலானது. புளோரிடாவில் 1921இல் வந்த சட்டம், உடற்குறை உள்ளவர்களைக் காசுக்குக் காட்டுவதைத் தடை செய்தது. அதை எதிர்த்து நீதிமன்றம் போனவர்களில் 'சீலோ' என்ற பெயரில் நடித்த ஸ்டானிஸ்லாஸ் பெரென்ட்டும் ஒருவர். 1972இல் மாநில உச்ச நீதிமன்றம் சட்டத்தைச் செல்லாது என்றது. பிரான்சில் நேர்மாறு. குள்ளர்களைப் பாதுகாப்பு உடை போட்டு மெத்தைமேல் தூக்கி எறியும் கேளிக்கையை ஒரு நகராட்சி தடுத்தது. எறியப்பட்டவரே, 'இது என் பிழைப்பு' என்று வழக்காடினார். 1995இல் அந்நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றம் மனித மாண்பைக் காரணம் காட்டித் தடையை ஏற்றது. 2002இல் ஐநா மனித உரிமைக் குழுவும் அவர் முறையீட்டை நிராகரித்தது. என் பார்வையில் இவை இரண்டும் ஒன்றல்ல. பெரென்ட் தன் வித்தையைத் தானே செய்தார், எறியப்படுபவர் செய்வதற்கு எதுவும் இல்லை.

ஓடிஸ் ஜோர்டன் கதையில் தடுக்க வந்தது ஒரு புகார். உதட்டாலேயே சிகரெட் சுற்றிப் பற்றவைத்துப் புகைப்பவர் அவர். 1984இல் நியூயார்க் மாநிலக் கண்காட்சியில் அவருக்காகப் பரிந்து ஒருவர் புகார் கொடுத்தார். அரசு உதவித்தொகையில் கிடக்கச் சொல்கிறார்களா என்பதுதான் ஓடிஸின் எதிர்க்கேள்வி. பிறகு 'தவளைச் சிறுவன்' என்ற பழைய பெயரை விட்டு, 'மனித சிகரெட் தொழிற்சாலை' என்ற பெயரில் கோனி ஐலண்டில் அதே வித்தையைத் தொடர்ந்தார்.

ஜானி மேடையை விட்டபின் பால்டிமோரில் பிறந்த வீட்டிலேயே ராபர்ட்டோடு இருந்தார். காசு போட்டு விளையாடும் கடை ஒன்றை நடத்தினார்கள், குழந்தைகளுக்குச் சின்ன ரயில் ஓட்டினார்கள். 1987இல் வீட்டுக்குள் திருடர்கள் புகுந்து இருவரையும் தாக்கினார்கள். அதன்பிறகு ஜானி வெளி ஆட்களைப் பார்ப்பதைக் குறைத்துக்கொண்டார். 1991 ஜனவரி 5 அன்று, 79 வயதில், அதே வீட்டில் இறந்தார்.

அவர் செய்த இன்னொரு வேலை பலருக்குத் தெரியாது: ஜன்னல் வலையில் ஓவியம். 1913இல் வில்லியம் ஆக்டாவெக் என்ற மளிகைக்கடைக்காரர் பால்டிமோரில் தொடங்கிவைத்த கலை அது, ஜானி கற்றதும் அவரிடம்தான். கொசுவலைபோன்ற கம்பி வலையின் வெளிப்பக்கத்தில் வரைவார்கள். சிவப்புக் கூரை வீடும் குளமும் அன்னமும் வழக்கமான படம். பெயின்ட் கெட்டியாக இருந்தால் வலையின் கண்கள் அடைத்துக்கொள்ளும், காற்றும் வராது, பார்வையும் போகாது. கம்பியில் மட்டும் ஒட்டும்படி மெல்லப் பூசி, அடைத்த கண்களை ஈரம் காய்வதற்குள் உலர்ந்த தூரிகையால் தட்டித் திறக்க வேண்டும். சரியாக வரைந்தால், பகலில் தெருவில் போகிறவருக்குப் படம் மட்டும் தெரியும், உள்ளே இருப்பவர் தெருவை முழுக்கப் பார்க்கலாம். இரவில் உள்ளே விளக்கைப் போட்டால் நிலைமை தலைகீழ், அப்போது திரைச்சீலையை இழுத்துவிட வேண்டியதுதான்.