ஐந்து பிள்ளைகள், ஒரு குச்சி

வணக்கம்.

என் மகளுக்கு ஒன்பது வயது. மூன்று வருடமாக வீட்டிலேயே படிக்கிறாள். எங்களைப் போல வீட்டுக்கல்வியில் இருக்கும் நான்கு குடும்பங்கள் வாரம் ஒருமுறை கூடுகிறோம். இப்போது பெற்றோர் ஆளுக்கொரு பாடமாக எடுத்துக்கொண்டு எல்லாப் பிள்ளைகளுக்கும் சேர்த்து வகுப்பு நடத்தலாம் என்கிறார்கள். கணக்கு என் தலையில் விழுந்திருக்கிறது. நான் படித்தது வணிகவியல். ஆசிரியப் பயிற்சி கிடையாது. மகளோடு உட்கார்ந்து கணக்குப் போடுவதும் அடுத்தவர் பிள்ளைகள் முன்னால் நிற்பதும் ஒன்றா? தப்பாகச் சொல்லிக்கொடுத்துவிட்டால்?

ம.

அன்புள்ள ம.,

இரண்டும் ஒன்றில்லைதான். இருந்தாலும் எடுங்கள்.

பின்னங்களைக் கூட்டச் சொன்னால் பிள்ளைகள் மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டிவைப்பார்கள். இது உங்களுக்கு எந்தப் பயிற்சியிலும் தெரியவந்திருக்காது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துத்தான் தெரிந்திருக்கும். மூன்று வருடம் அப்படிப் பார்த்தவருக்குக் கணக்கு ஒரு தடையே இல்லை. தப்பாகச் சொல்லிவிட்டால் அடுத்த வாரம் "போன வாரம் நான் சொன்னது தப்பு" என்று சொல்லித் திருத்துங்கள். பிள்ளைகளுக்கு அதில் தனி சந்தோஷம்.

சிரமம் வேறு இடத்தில். வீட்டில் ஒரு கேள்வி கேட்டால் மகள் யோசித்து முடிக்கும்வரை பேசாமல் இருப்பீர்கள். நாலு பேர் முன்னால் அந்த மௌனத்தைத் தாங்க முடியாது, நாமே பதிலைச் சொல்லிவிடுவோம். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் வகுப்பறைப் பதிவுகளை ஆராய்ந்தபோது, பள்ளி ஆசிரியர்களே கேள்வி கேட்டபின் சராசரியாக 1 நொடிதான் காத்திருந்தார்கள். அதை 3 நொடியாக நீட்டியதும் பதில்கள் நீளமாயின, வாயே திறக்காதவர்களும் பேசினார்கள். ஆகவே மனதுக்குள் மூன்று எண்ணுங்கள். முதல் வகுப்பில் அது மூன்று நிமிடம் போலத் தெரியும்.

நான் எடுத்த முதல் கூட்டு வகுப்பு, நிழலை வைத்து மரத்தின் உயரத்தைக் கண்டுபிடிப்பது. ஐந்து பிள்ளைகள், இரண்டு அணி, 1 மீட்டர் குச்சி ஒன்று. குச்சியின் நிழல் 60 செ.மீ. முதல் அணி உடனே மரத்தின் நிழலை அளந்தது: 4.5 மீட்டர். அப்படியானால் மரம் 7.5 மீட்டர். இரண்டாவது அணி டேப்பை யார் பிடிப்பது என்று கால் மணி நேரம் சண்டை போட்டுவிட்டு அளந்தது. 4.8 மீட்டர். மரம் 8 மீட்டர் ஆகிவிட்டது! நீ தப்பு, நான் சரி என்று ஒரே கத்தல். நானும் முழித்தேன். கடைசியில் இருப்பவர்களிலேயே சின்னப் பெண் ஒருத்தி, குச்சியின் நிழல் முடிந்த இடத்தில் போட்டிருந்த சாக்பீஸ் கோட்டைக் காட்டி, "நிழல் இதத் தாண்டிப் போயிடுச்சு" என்றாள். குச்சியை மறுபடி அளந்தோம். 64 செ.மீ. அதை வைத்துப் போட்டால் இரண்டாவது அணிக்கும் மரம் 7.5 மீட்டர்தான்.

வீட்டில் என் மகனோடு மட்டும் செய்திருந்தால் ஒரே விடை வந்திருக்கும், புத்தகத்தை மூடியிருப்போம். இரண்டு விடை வர இரண்டு அணி வேண்டும். கூட்டு வகுப்பை நான் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது இதற்காகத்தான். ஒரு பெற்றோர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் தனியாக இதை உண்டாக்க முடியாது.

அப்புறம், ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். சொன்னவர் வகுப்பு எடுத்ததில்லை போலும். அன்று என் மகன் பாதிநேரம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தான். அம்மா தனக்கு மட்டும் சொந்தமில்லை என்று ஆனது ஒரு காரணம். இன்னொன்று என் தவறு. முந்தின நாள் அவனை வைத்தே ஒத்திகை பார்த்திருந்தேன். விடை தெரிந்த ஒரே ஆள் அவன், நானோ "நீ சும்மா இரு" என்று அடக்கிக்கொண்டிருந்தேன்.

வருடம் முழுக்க என்று ஒப்புக்கொள்ளாதீர்கள். ஆறு வாரம், வாரம் ஒரு மணி நேரம் என்று சொல்லுங்கள். இன்னொரு பெற்றோர் கூடவே உட்காரட்டும். ஒத்திகைக்கு மட்டும் மகளைத் தவிர வேறு யாரையாவது பிடியுங்கள்.