மிக்கி மேண்டில் பந்து: 200 டாலருக்குக் கொடுத்துவிடலாமா?

கேள்வி: நியூ ஜெர்சியில் இருக்கிறோம். வீட்டைக் காலி செய்துவிட்டுப் போன பக்கத்து வீட்டுப் பெரியவர் என் மகனுக்கு ஒரு பேஸ்பால் பந்து கொடுத்தார். அதில் நியூயார்க் யாங்கீஸ் அணியின் பழைய நட்சத்திரம் மிக்கி மேண்டிலின் கையெழுத்து இருக்கிறது, கூடவே தங்க முத்திரை ஒட்டிய சான்றிதழும். வியாபாரி ஒருவர், "என்னிடம் விடுங்கள், நானே சரிபார்த்து விற்றுத் தருகிறேன். இல்லையென்றால் இப்போதே 200 டாலர்" என்கிறார். இது அசலா? என்ன பெறும்?

பதில்: பந்தை அவர் கையில் கொடுக்காதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

வாங்கப்போகிறவரே தரமும் சொல்கிறார் என்றால் அந்தப் பேச்சில் உங்களுக்கு இடமே இல்லை. போலி என்று நினைக்கிற பந்துக்கு யாரும் முதல் பேச்சிலேயே 200 டாலர் நீட்ட மாட்டார்கள். 'சரிபார்க்க' எடுத்துப்போய், "போலியாம்" என்று வேறொரு பந்தைத் திருப்பிக் கொடுக்கிறவர்களும் உண்டு. ஆகவே எல்லாப் பக்கமும் தெரியும்படி இன்றே படம் எடுத்து வையுங்கள்.

தங்க முத்திரைச் சான்றிதழை மறந்துவிடுங்கள். பிரின்டர் இருக்கிற யாரும் அதைத் தயாரிக்கலாம். 1990-களின் பிற்பகுதியில் கலிஃபோர்னியாவில் போலிக் கையெழுத்து வியாபாரிகளைப் பிடிக்க எஃப்.பி.ஐ. நடத்திய 'ஆபரேஷன் புல்பென்' விசாரணையில் அன்னை தெரசா கையெழுத்திட்ட பேஸ்பால் பந்தே சிக்கியது. அன்னை எந்த மைதானத்தில் நின்று போட்டாரோ! சான் டியேகோ பேஸ்பால் அணியின் ஆட்டக்காரர் டோனி க்வின் தன் போலிக் கையெழுத்தைப் பார்த்தது தன் அணியின் கடையிலேயேதான்.

கையெழுத்துக்கு முன்னால் பந்தைப் பாருங்கள். பழைய அதிகாரப்பூர்வ பந்துகளில் லீக் தலைவரின் பெயர் அச்சாகியிருக்கும். அமெரிக்கன் லீக் (மேண்டிலின் யாங்கீஸ் அணி ஆடும் லீக்) பந்தில் ஜோ க்ரோனின் என்றால் 1959 முதல் 1973 வரை, லீ மேக்ஃபெயில் என்றால் 1974 முதல் 1983 வரை, பாபி பிரவுன் என்றால் 1984 முதல் 1994 வரை. (பிரவுன் இதய மருத்துவர், அதற்கு முன் யாங்கீஸ் அணியில் மேண்டிலோடு ஆடியவர்.) மேண்டில் 1995 ஆகஸ்டில் இறந்தார். வழக்கமான பந்துகளில் லீக் தலைவருக்குப் பதில், மேஜர் லீக் (அமெரிக்காவின் முதன்மைத் தொழில்முறை பேஸ்பால் அமைப்பு) ஆணையர் பட் செலிக் பெயர் வந்தது 2000 முதல். அந்தப் பந்தில் மேண்டில் கையெழுத்து இருந்தால் கதை முடிந்தது, கட்டணம் கட்டிச் சோதிக்கத் தேவையில்லை.

இதைத் தலைகீழாகப் படிக்கக் கூடாது. உங்கள் பந்து க்ரோனின் காலத்தது என்று வைத்துக்கொள்வோம். அது பந்தின் வயது மட்டும்தான். மேண்டில் 1980-களில் கண்காட்சிகளில் உட்கார்ந்து, ரசிகர்கள் கொண்டுவந்த பழைய பந்துகளிலும் கையெழுத்துப் போட்டார். அவை அசல்தான். ஆனால் ஆடிய காலத்துக் கையெழுத்து வேறு மாதிரி. பிற்காலத்தில் அந்த 'எம்' எழுத்துகள் பெரிதாக வளைந்து நிற்கும். பழைய பந்தில் புதிய பாணிக் கையெழுத்து இருந்தால் அவர் ஆடிய காலத்துக் கையெழுத்துக்கு உள்ள விலையைக் கேட்க முடியாது. "பொருந்தவில்லை, போலி" என்று அந்த வியாபாரி விலையைக் குறைத்தாலும் விட்டுக்கொடுக்க வேண்டாம். போலி செய்கிறவர்களும் பழைய பந்தைத் தேடிப் பிடிக்கிறார்கள் என்பதும் உண்மை. பந்தின் வயது பொய்யைக் காட்டிக்கொடுக்கும், உண்மையை நிரூபிக்காது.

மேஜர் லீக்கின் ஹாலோகிராம் ஸ்டிக்கர் இல்லையே என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். அந்தத் திட்டம் தொடங்கியதே 2001-இல். சாட்சி கண்முன் நடந்த கையெழுத்துக்குத்தான் அதைத் தருவார்கள்.

சந்தை மதிப்பது பி.எஸ்.ஏ., ஜே.எஸ்.ஏ., பெக்கெட் போன்ற கையெழுத்துச் சரிபார்ப்பு நிறுவனங்களின் சான்றைத்தான். எனக்கு இதில் எரிச்சல் உண்டு. அவர்கள் தருவது கருத்து, நிரூபணம் அல்ல. கட்டணமும் வேலையைப் பொறுத்தது இல்லை, கையெழுத்திட்டவரின் புகழைப் பொறுத்தது. இரண்டு நிறுவனங்கள் இரண்டு விதமாகச் சொன்னால் அலைவது நீங்கள்தான். ஆனாலும் அந்தச் சான்று இல்லாமல் நல்ல விலை கிடைக்காது. படத்தை மட்டும் பார்த்துக் கருத்துச் சொல்லும் மலிவான சேவை உண்டு; அதிலிருந்து தொடங்குங்கள். சரியாக வந்தால் மட்டும் பந்தை காப்பீட்டோடு நீங்களே அனுப்புங்கள்.

விலையைப் பொறுத்தவரை, தையல்கள் நெருங்கிவரும் குறுகலான இடத்தை 'ஸ்வீட் ஸ்பாட்' என்பார்கள். அங்கே தனியாக, நீல பால்பாயின்ட் பேனாவில், மங்காமல் இருந்தால் நல்ல விலை. 'டு ஜோ' என்று யாருக்காவது எழுதியிருந்தால் குறையும். மேண்டில் ஏராளமாகக் கையெழுத்திட்டவர். அசல் என்றால் பொதுவாக நூற்றுக்கணக்கான டாலர் எதிர்பார்க்கலாம், மகனின் கல்லூரிச் செலவுக்கு ஆகாது. இணையத்தில் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள், விற்று முடிந்த விலையைப் பாருங்கள். துடைக்காதீர்கள், வெயிலில் வைக்காதீர்கள்.

அந்தப் பெரியவருக்கு இன்றே ஒரு ஃபோன் போட்டு, பந்து எந்த ஊரில், எந்த ஆண்டில் கிடைத்தது என்று கேளுங்கள். டிக்கெட்டோ புகைப்படமோ இருந்தால் வாங்கி, அவர் சொன்னதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள்.