கேளுங்கள், சொல்கிறோம்: அம்மம்மா ஏன் கத்துகிறார்?

கேள்வி: அம்மம்மாவுக்கு 84 வயது, சில வருடமாக மறதி நோய். இப்போதெல்லாம் குளிப்பாட்டக் கிணற்றடிக்குக் கூட்டிப்போனாலே கத்துகிறார், கையைக் கடிக்க வருகிறார். "அறளை பெயர்ந்திட்டு, நித்திரைக் குளிசை கேட்டு வாங்கிக் குடு" என்கிறார் மாமா. கொடுக்கலாமா? அந்தக் காலத்தில் நாள் முழுக்கக் குந்தியிருந்து பாய் இழைத்த மனுசி, இப்படி ஆகிவிட்டாரே என்று கவலையாக இருக்கிறது.
- வாசகி, ஆரையம்பதி

பதில்: நித்திரைக் குளிசை இருக்கட்டும். அம்மம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? நாள் முழுக்கக் குந்தியிருந்து பாய் இழைத்தவர் என்று கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அதுதான் பெரிய விசயமாகப் படுகிறது.

மறதி வந்தவருக்கு நோவும் தெரியாது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. மறதி நோய்களில் ஒன்றான அல்சைமர் முதலில் கெடுப்பது, மூளையில் புது நினைவுகளைப் பதிக்கிற ஹிப்போகாம்பஸையும் அதை ஒட்டிய இடங்களையும். உடம்பில் எங்கே நோகிறது என்று உணர்கிற பகுதி வெகுகாலம் அவ்வளவாகச் சேதப்படாமல் இருக்கும். ஆகவே கால் நோகும், ஆனால் "முழங்கால் நோகுது மகள்" என்று சொல்ல வாய் வராது, நேற்று நொந்தது இன்றைக்கு ஞாபகத்திலும் இருக்காது, அவரிடம் மிச்சமிருப்பது கத்துவதும் கையைத் தட்டிவிடுவதும்தான்.

இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். நோர்வேயில் பெட்டினா ஹுசெபோ என்ற மருத்துவ ஆய்வாளரும் அவருடைய குழுவும் 18 முதியோர் இல்லங்களில், மறதி முற்றி ஆர்ப்பாட்டம் செய்துகொண்டிருந்த 352 பேரை எடுத்து, ஒரு பகுதியினருக்கு 8 வாரம் படிப்படியாக நோவுக்கு மருந்து கொடுத்தார்கள். பெரும்பாலானோருக்குக் கொடுத்தது என்ன தெரியுமா, நம் வீட்டு அலுமாரியில் கிடக்கிற பனடோலில் இருக்கும் அதே பரசிட்டமோல். வழமையான பராமரிப்பில் இருந்தவர்களோடு ஒப்பிட்டால் மருந்து எடுத்தவர்களுடைய ஆர்ப்பாட்டம் சராசரியாக 17 சதவீதம் குறைந்தது, மருந்தை நிறுத்தியதும் திரும்பக் கூடியது. 2011இல் வெளிவந்த ஆய்வு இது. 17 என்பது அற்புதமான எண் இல்லைதான், ஆனால் குளிப்பாட்டுகிற ஆளுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று உங்களுக்கே தெரியும்.

அதற்காக நீங்களாகவே பனடோலை அள்ளிக் கொடுக்க வேண்டாம். மெலிந்த வயதானவருக்கு அளவு குறைவு, மீறினால் ஈரல் கெடும். மூன்று நாலு நாள் ஒரு கொப்பியில் எழுதுங்கள்: எந்த நேரம் கத்துகிறார், காலை மடக்கும்போதா நிமிர்த்தும்போதா, முகம் சுளிக்கிறாரா, மூச்சு வாங்குகிறாரா, தடவிக்கொடுத்தால் அடங்குகிறாரா. "நேற்று நொந்ததா" என்று கேட்காதீர்கள், முழங்காலில் கை வைத்து "இப்ப நோகுதா" என்று கேளுங்கள். பல், மலச்சிக்கல், சலம் கழிக்கும்போது எரிவு, இவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். கிளினிக்கில் போய் "அறளை" என்று மட்டும் சொன்னால் நித்திரைக் குளிசைதான் கிடைக்கும், அதைப் போட்டுத் தள்ளாடி விழுந்து இடுப்பு முறிந்தால் அது வேறு கதை. கொப்பியைக் காட்டுங்கள். அதுவரைக்கும் குந்த வைக்காமல் கதிரையில் இருத்திக் குளிக்க வார்த்துவிடுங்கள். மாமாவையும் ஒருநாள் குளிப்பாட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு பார்கின்சன் என்ற நடுக்க நோய். விடியப்புறம் கால்விரல்கள் மடங்கி இழுத்து, நோவில் அழுகிறார். வாதமா?
- வாசகர், திருக்கோவில்

பதில்: வாதம் என்று எண்ணெய் தேய்க்க முதல் நேரத்தைக் கவனியுங்கள். இரவு போட்ட லெவோடோபா, அதுதான் மூளையில் டோபமினாக மாறும் பார்கின்சன் குளிசை, விடியும்போது தீர்ந்துபோயிருக்கும், அசைவைச் சீராக்கும் அந்த டோபமின் மூளையில் குறைந்த நேரத்தில்தான் தசை இப்படி முறுக்கிக்கொள்வது வழக்கம். காலைக் குளிசை போட்டுக் கொஞ்ச நேரத்தில் கால் இளகுகிறதா? இளகினால் மருத்துவரிடம் அதையே சொல்லுங்கள், குளிசையின் நேரத்தையோ வகையையோ மாற்றித் தருவார். இன்னொன்று, மீனும் பருப்பும் வயிறு நிறையச் சாப்பிட்ட கையோடு குளிசை போட்டால் அது சரியாக உறிஞ்சப்படாது. சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முந்தியே போடலாமா என்று கேட்டுப் பாருங்கள். மீனை நிறுத்தச் சொல்லவில்லை, திருக்கோவிலில் இருந்துகொண்டு யாரால் முடியும்!

கேள்வி: பார்கின்சனுக்குப் பூனைக்காலி விதை நல்லதாமே?
- வாசகர், சம்மாந்துறை

பதில்: அதில் லெவோடோபா இருப்பது உண்மை. எந்த விதையில் எவ்வளவு என்பது ஒரே மாதிரி இராது, அதுதான் சிக்கல். குளிசை போடுகிறவர் மருத்துவருக்குச் சொல்லாமல் அதையும் சேர்த்துச் சாப்பிட்டால் ஓங்காளம், தலைச்சுற்று, கட்டுப்படாத கைகால் அசைவு எல்லாம் வரலாம்.