ஆடிக் கூட்டத்தில் மூன்று மாற்றமா?

கேள்வி: ஈரோட்டில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறேன், 38 பேர் வேலை செய்கிறார்கள். ஆடி முதல் தேதியிலிருந்து பார்கோடு பில்லிங், கைரேகை வருகைப் பதிவு, சுழற்சி முறையில் வார விடுமுறை என்று மூன்றும் கொண்டுவந்தேன். எல்லோரும் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறார்கள், பழைய சேல்ஸ்மேன்கள் இரண்டு பேர் கணக்கு முடிக்கச் சொல்கிறார்கள். நல்லதுக்குத்தானே செய்தேன்?

பதில்: நல்லதுக்குத்தான், சந்தேகமில்லை. ஆனால் தள்ளுபடிக் கூட்டம் நெரிக்கிற நேரத்தில் எதையும் புதிதாகப் பழக முடியாது. கைரேகையையும் சுழற்சி முறை விடுமுறையையும் இன்றைக்கே நிறுத்திவையுங்கள். முதலாளி இறங்கிவந்துவிட்டார் என்று பேசுவார்கள், பேசட்டும். தீபாவளி முடிந்து ஒவ்வொன்றாக வரட்டும். கைரேகை வரும்போது, பவானியிலிருந்து டவுன் பஸ்ஸில் வருகிறவர் பத்து நிமிஷம் பிந்தினால் அரை நாள் சம்பளம் போகுமா போகாதா என்பதை மெஷின் மாட்டுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

சரி, பில்லிங். அந்த இரண்டு பேரையும் தனியாக உட்காரவைத்து, "புது பில்லில் உங்களுக்கு என்னண்ணே குறையுது?" என்று கேளுங்கள். கம்ப்யூட்டர் வரவில்லை என்பார்கள் என நீங்கள் நினைக்கலாம், எனக்கென்னவோ கமிஷன் பேச்சுதான் வரும் என்று தோன்றுகிறது. ஒரு கல்யாண வீட்டாருக்கு ஒன்றரை மணி நேரம் பட்டுச்சேலை பிரித்துக் காட்டியவர் சாப்பிடப் போன நேரத்தில் இன்னொருவர் பில்லுக்கு அனுப்பியிருப்பார், கையால் எழுதும் பழைய துண்டுச்சீட்டு இருந்தவரை இரண்டு பேருடைய சேல்ஸ்மேன் நம்பரையும் எழுதி ஆளுக்குப் பாதி எடுத்துக்கொள்ள முடிந்தது. புது சாஃப்ட்வேரில் ஒரு நம்பர் போடத்தான் இடம் இருக்கிறதா என்று நீங்களே கவுன்டரில் நின்று பாருங்கள். அப்படித்தான் என்றால் காட்டியவருக்கு ஒரு பைசா கிடையாது, அவர் ஏன் இருப்பார்?

சாஃப்ட்வேர்காரரிடம் இன்னொரு நம்பருக்கு இடம் கேளுங்கள். அதுவரை துண்டுச்சீட்டும் கூடவே ஓடட்டும், தீபாவளி வரை இரண்டு கணக்கில் எது அதிகமோ அதுதான் கமிஷன் என்று எழுதி ஒட்டுங்கள். கொஞ்சம் கைக்காசு போகும். ஆனால் எந்த ரேக்கில் எந்தச் சரக்கு, எந்த வாடிக்கையாளர் எந்த விலைக்கு மேல் போகமாட்டார் என்பதெல்லாம் அந்த இரண்டு பேர் தலையில்தான் இருக்கிறது, அவர்கள் போனால் வருகிற நஷ்டம் இதைவிடப் பெரிது.

அப்புறம் ஒன்று, கோபிக்காதீர்கள். கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-ல் சட்டத்தையே திருத்தினார்கள். உங்கள் கவுன்டருக்குப் பின்னால் ஸ்டூல் இருக்கிறதா? இல்லையென்றால் அதற்கு மட்டும் தீபாவளி வரை காத்திருக்க வேண்டாம், இந்த வாரமே வாங்கிப் போடுங்கள்.