கோயில் வசூலுக்கு மறுத்ததால் போலீஸ் புகார்: என்ன செய்வது?

கேள்வி: 40 வீடுகள் உள்ள அடுக்குமாடிக் குடியிருப்பில் சொந்த வீட்டில் வசிக்கிறோம். எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. என் மனைவிக்கு உண்டு. வண்டி நிறுத்தும் இடத்தின் ஒரு பகுதியில் பிள்ளையார் கோயில் கட்ட அசோசியேஷன் பொதுக்குழுவில் தீர்மானம் போட்டு, வீட்டுக்கு 5,000 ரூபாய் என்று முடிவு செய்துவிட்டார்கள். நான் தரமாட்டேன் என்றேன். மெயின்டனன்ஸ் பாக்கியில் சேர்ப்போம், தண்ணீரை நிறுத்துவோம் என்கிறார்கள். கோபத்தில் வாட்ஸ்அப் குழுவில், "கல்லுக்குச் செலவழிக்கும் பணத்தில் லிஃப்டைச் சரிசெய்யலாம். இதையெல்லாம் நம்புகிறவர்களுக்கு மூளை இல்லை" என்று எழுதினேன். மத உணர்வைப் புண்படுத்தியதாக ஒருவர் புகார் கொடுக்க, காவல் நிலையத்திலிருந்து போனில் கூப்பிடுகிறார்கள். அரசியல் சட்டத்தின் 25ஆவது பிரிவு என்னைக் காப்பாற்றாதா?

பதில்: காவல் நிலைய விஷயத்தை முதலில் பார்த்துவிடுவோம், அதுதான் அவசரம்.

இப்படிப்பட்ட புகார்களில் வழக்கமாகக் குறிப்பிடப்படுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 299ஆவது பிரிவு. பழைய தண்டனைச் சட்டத்தின் 295-ஏ தான் 2024 ஜூலை 1 முதல் இந்த எண்ணில் வருகிறது. மூன்று ஆண்டுவரை சிறை, ஜாமீனில் விடத்தகாத குற்றம் என்று படித்ததும் யாருக்கும் வயிறு கலங்கும். ஆனால் ஒருவர் மனம் புண்பட்டது என்பது மட்டும் இந்தப் பிரிவுக்குப் போதாது. ஒரு பிரிவினரின் மத உணர்வைச் சீண்ட வேண்டும் என்றே, கெட்ட எண்ணத்தோடு செய்திருக்க வேண்டும். 1957இல் ராம்ஜி லால் மோடி வழக்கில் இந்தச் சட்டப்பிரிவு செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னபோதே, எல்லா அவமதிப்பும் இதில் வராது என்றும் வரம்பு கட்டிவிட்டது. 2025 மார்ச்சில் இம்ரான் பிரதாப்கரி வழக்கில், ஒரு பேச்சை எடைபோடும்போது எதற்கெடுத்தாலும் பதறுகிறவரின் கண்ணால் பார்க்கக் கூடாது, உறுதியான மனமுள்ள நியாயமான மனிதரின் கண்ணால் பார்க்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறது. மூன்று முதல் ஏழு ஆண்டுக்குள் தண்டனை உள்ள இத்தகைய பேச்சுப் புகார்களில், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாளில் ஆரம்பகட்ட விசாரணை நடத்திப் பார்ப்பதுதான் முறை என்பதும் அதே தீர்ப்பில் இருக்கிறது. அப்படியே வழக்குப் பதிவானாலும், மாநில அரசோ மத்திய அரசோ அனுமதி தராமல் நீதிமன்றம் 299ஐ விசாரணைக்கு எடுத்துக்கொள்ள முடியாது.

லிஃப்டைப் பற்றி நீங்கள் எழுதிய வரி ஒரு குடியிருப்பாளரின் கருத்து. அதில் குற்றம் எதுவும் இல்லை. அடுத்த வரிதான் எனக்கு வருத்தம் தருகிறது. என் பார்வையில் அதுவும் 299க்குள் வராது, கோபத்தில் வந்த வசவுதான். ஆனால் அதுவரை கணக்குக் கேட்ட உங்களை, அந்த ஒரு வரி அக்கம்பக்கத்தாரைத் திட்டியவராக மாற்றிவிட்டது. உங்கள் மனைவியும் நம்புகிறவர்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். உங்கள் கருத்தை அப்படியே வைத்துக்கொண்டு, சொன்ன விதத்துக்கு மட்டும் குழுவில் வருத்தம் தெரிவிக்கலாம். வார்த்தையை வக்கீலிடம் காட்டிவிட்டுப் போடுங்கள். பழைய செய்தியை அழிக்காதீர்கள். முழு உரையாடலையும் சேமித்து வையுங்கள். நீங்கள் எழுதியதற்கு முன்னால் உங்களுக்கு வந்த மிரட்டல்களும் அதில்தான் இருக்கின்றன.

காவல் நிலையத்துக்குப் போகாமல் இருக்காதீர்கள், தனியாகவும் போகாதீர்கள். எழுத்துமூலம் அழைப்பாணை கேளுங்கள், புகாரின் நகல் கேளுங்கள், ஒரு வக்கீலோடு போய் எழுத்துமூலமாகவே விளக்கம் கொடுங்கள். ஏழு ஆண்டுவரை தண்டனை உள்ள குற்றங்களில் எடுத்ததும் கைது செய்யக் கூடாது என்று 2014இல் அர்னேஷ் குமார் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. எஃப்.ஐ.ஆர். போட்டுவிட்டால் உடனே முன்ஜாமீன், அப்புறம் அதை ரத்து செய்யக் கோரி உயர் நீதிமன்றம்.

"வெறும் கல்தானே" என்ற வாதத்தை மட்டும் எங்கும் எடுக்காதீர்கள். 1953இல் திருச்சியில் பெரியார் பிள்ளையார் சிலையை உடைத்தது தொடர்பான வழக்கு 1958இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. வெகுகாலம் கடந்துவிட்டது என்று சொல்லி அவர்மேல் மேற்கொண்டு நடவடிக்கை தேவையில்லை என்று விட்டார்கள். ஆனால் கீழ்நீதிமன்றங்கள் "அது மண் பொம்மைதான்" என்று சட்டத்தைக் குறுக்கிப் படித்ததை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. ஒரு கூட்டத்தார் புனிதமாகக் கருதினால், அது பகுத்தறிவுக்குப் பொருந்துகிறதா என்று நீதிமன்றம் பார்க்காது.

சரி, 25ஆவது பிரிவு. மனசாட்சிச் சுதந்திரம் என்று அது சொல்வதில் நம்பாமல் இருக்கும் சுதந்திரமும் அடங்கும். அதில் உங்களுக்கும் பக்தருக்கும் ஒரே உரிமைதான். மத வளர்ச்சிக்கென்று வரி கட்ட வற்புறுத்தக் கூடாது என்கிறது 27ஆவது பிரிவு. ஆனால் இவை முதன்மையாக அரசைக் கட்டுப்படுத்துபவை. உங்கள் அசோசியேஷன் அரசு அல்ல. அங்கே போய் 25, 27 என்று பேசினால் எதிர்த்தரப்பு வக்கீல் ஒரே வாக்கியத்தில் பதில் சொல்லிவிடுவார். உங்கள் பலம் சங்கத்தின் துணைவிதிகளிலும் குடியிருப்பின் வரைபடத்திலும் இருக்கிறது.

சங்கம் 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிவானதா என்று பாருங்கள். பதிவான சங்கம் தன் துணைவிதிகளில் உள்ள நோக்கங்களுக்குத்தான் பணம் வசூலிக்க முடியும். பராமரிப்பு என்று எழுதியிருக்கிற இடத்தில் கோயில் வராது, கையெழுத்துப் பெரும்பான்மை எவ்வளவு இருந்தாலும். மெயின்டனன்ஸ் தொகையை மட்டும் ஒரு மாதமும் தவறாமல் வங்கி வழியே கட்டுங்கள், எந்த மாதத்துக்கு என்று குறிப்போடு. இதில் ஒரு ரூபாய் பாக்கி வைத்தாலும் உங்கள் வழக்கு சாய்ந்துவிடும். உண்மையான பாக்கி இருந்தால்கூட அதற்கு வழக்குப் போட்டு வசூலிப்பதுதான் வழி. தண்ணீரை நிறுத்திப் பணிய வைக்க அவர்களுக்கு உரிமை இல்லை. அந்த மிரட்டல் எழுத்தில் இருந்தால், அதை வைத்து உரிமையியல் நீதிமன்றத்தில் தடையாணை கேட்கலாம்.

இடம் பற்றிய கேள்வி இதைவிடப் பெரியது. வண்டி நிறுத்துமிடம் எல்லாருடைய பிரிபடாத பங்கிலும், அதாவது மனையில் வீட்டுக்காரர்கள் எல்லாருக்கும் கூட்டாக உள்ள உரிமையில், அடங்கிய பொது இடம். அனுமதிக்கப்பட்ட வரைபடத்தில் அப்படிக் காட்டியிருக்கும் இடத்தில் புதிதாக ஒன்றைக் கட்ட, 1971ஆம் ஆண்டின் நகர்ஊரமைப்புச் சட்டப்படி திட்ட அனுமதி வேண்டும். வரைபட நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் உள்ளாட்சியிடம் கேட்டு வாங்குங்கள். அஸ்திவாரம் போடுவதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும். சிலை வைத்துக் கும்பாபிஷேகமும் முடிந்துவிட்டால், சட்டம் உங்கள் பக்கம் இருந்தாலும் அதை அகற்றும் உத்தரவைப் பெறுவதும் நிறைவேற்றுவதும் பெரும்பாடு. அதன்பின் இது கணக்குத் தகராறாக இருக்காது, மதத் தகராறாகிவிடும்.

மாவட்டப் பதிவாளரிடம் சங்கத்தின் மேல் விசாரணை கேட்க, உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கினரின் மனு வேண்டும். உங்கள் குடியிருப்பில் வீட்டுக்கு ஒரு உறுப்பினர் என்றால் 14 பேர். நாத்திகர் 14 பேரை நீங்கள் தேடிப் பிடிக்க முடியாது, தேடவும் வேண்டாம். வண்டி நிறுத்த இடம் இழப்பவர்கள், வேறு மதத்தவர்கள், "சாமிக்கு என்று கட்டாயமாகப் பிடுங்குவது எந்தப் பக்தி?" என்று மனசுக்குள் கேட்கும் பக்தர்கள், இவர்கள்தான் கையெழுத்துப் போடுவார்கள். முதல் பக்தராக உங்கள் மனைவியிடம் பேசுங்கள். விரும்புகிறவர்கள் மட்டும் பணம் போட்டு, முறையான அனுமதியோடு, வண்டி இடத்தைத் தொடாமல் வேறு இடத்தில் மாடம் வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு மாற்றுத் தீர்மானம் எழுதிக் கொடுங்கள். அதை எதிர்ப்பது அவர்களுக்கும் கஷ்டம். அந்த மாடத்துக்கு உங்கள் மனைவி தன் பணத்தில் ஏதாவது கொடுக்க விரும்பினால், தடுக்காதீர்கள். அது அவருடைய மனசாட்சிச் சுதந்திரம். ரசீதில் நன்கொடை என்று மட்டும் எழுதச் சொல்லுங்கள். மெயின்டனன்ஸ் என்று எழுதிவிட்டால் நாளைக்கு அதையே உங்கள் சம்மதத்துக்கு ஆதாரமாகக் காட்டுவார்கள்.