வெண்டிலேட்டர் பத்தி கேளுங்க: மும்பை ஐசியூ டாக்டர் பதில்கள்

வணக்கம். மழை ஆரம்பிச்சு ரெண்டு மூணு வாரத்துலயே எங்க ஐசியூ நிறைய ஆரம்பிச்சிடும், லெப்டோ (எலிக் காய்ச்சல்), மலேரியா, டெங்கு, எச்1என்1னு எது வந்தாலும் முத்திப் போனா கடைசில நுரையீரல்ல வந்து நிக்கும். நுரையீரல் வீங்கி தண்ணி கோத்து ஆக்சிஜன் ரத்தத்துக்குப் போகாம நிக்கிற நிலைமை அது, பேரு ஏஆர்டிஎஸ். கேள்வி அனுப்பினவங்க பேரு போடல, ஏரியா மட்டும் போட்டிருக்கேன். உங்க ஆளுக்கு என்ன பண்ணணும்னு பக்கத்துல நின்னு பாக்கிற டாக்டர்தான் முடிவு பண்ண முடியும், அவங்க சொல்றது உங்களுக்குப் புரியணும்ங்கிறதுக்குத்தான் இது.

சயன் கோலிவாடா: மேடம், என் தம்பிக்கு 29 வயசு. வெள்ளத் தண்ணில நடந்து வந்தான், அப்புறம் காய்ச்சல், ரத்தமா இருமினான், லெப்டோன்னாங்க. இப்ப வெண்டிலேட்டர்ல இருக்கான். பி எஃப் ரேஷியோ 90, சிவியர்ங்கிறாங்க. அப்படின்னா என்ன?

ரத்தத்துல இருக்கிற ஆக்சிஜன் அழுத்தத்தை நாம குடுக்கிற ஆக்சிஜன் அளவால வகுத்தா வர்ற நம்பர் அது. நாம சும்மா இழுக்கிற காத்துல ஆக்சிஜன் 21 சதவீதம்தான், அதுலயே நமக்கு 400க்கு மேல வரும். உங்க தம்பிக்கு மெஷின்ல கூடுதல் ஆக்சிஜன் குடுத்தும் 90தான் வருது. ஏஆர்டிஎஸ்ஸுக்குன்னு 2012ல வந்த பெர்லின் வரையறைப்படி 300க்குக் கீழ வந்தா மைல்ட், 200க்குக் கீழ மாடரேட், 100ம் அதுக்குக் கீழயும் சிவியர். நிலைமை மோசம்தான், மறைக்க விரும்பல. ஆனா வயசு கம்மி, காரணம் தெரிஞ்சிருக்கு, அதுக்கு பென்சிலின், செஃப்ட்ரியாக்சோன்னு மருந்தும் இருக்கு. வெண்டிலேட்டர் நோயை குணப்படுத்தாதும்மா, மருந்து வேலை செஞ்சு நுரையீரல் தேறுற வரைக்கும் உடம்புக்கு ஆக்சிஜன் போக வச்சுக்கிட்டு இருக்கும். அந்த நாளுக்குள்ள மெஷினே நுரையீரலைக் கெடுத்துடாம பாத்துக்கிறதுதான் எங்க வேலைல முக்காவாசி.

தாணே, ஸ்டாஃப் நர்ஸ்: எங்க புது டாக்டர் ஒவ்வொரு பேஷண்டையும் டேப் வச்சு உயரம் அளக்கச் சொல்றார். ஒரு அம்மா 85 கிலோ, 157 சென்டிமீட்டர், அவங்களுக்கு ஒரு மூச்சுக்கு மெஷின் தள்ற காத்தை 300 மில்லிதான் வச்சார். பத்துமா மேடம்?

உங்க டாக்டருக்கு என் சார்பா ஒரு நன்றி சொல்லுங்க. ஆள் குண்டானா நுரையீரல் பெருசாகாது, அது உயரத்தை வச்சுத்தான். அதனால உயரத்துக்கு ஏத்த எடையைத்தான் எடுத்துக்கணும், பெண்களுக்குக் கணக்கு இதுதான்: சென்டிமீட்டர்ல இருக்கிற உயரத்துல 152.4 கழிச்சு, 0.91ஆல பெருக்கி, 45.5 கூட்டணும், ஆண்களுக்கு 45.5க்குப் பதிலா 50. அந்த அம்மாவுக்கு வர்றது கிட்டத்தட்ட 50 கிலோ, கிலோவுக்கு 6 மில்லின்னா 300. தராசு காட்டுற 85ஐ வச்சுப் போட்டிருந்தா 510 மில்லி போயிருக்கும், அதாவது கிலோவுக்கு 10க்கு மேல.

ஏஆர்டிஎஸ்ல படுத்திருக்கிறவங்களுக்கு முதுகுப் பக்க நுரையீரல் தண்ணி கோத்து சுருங்கிக் கிடக்கும், காத்து வாங்குறது முன்பக்கம் இருக்கிற கொஞ்சூண்டு இடம்தான், இத்தாலிக்காரர் கட்டினோனி அதை பேபி லங்னு சொன்னார். பெரியவங்களுக்கான காத்தை அந்தக் குழந்தை சைஸ் நுரையீரலுக்குள்ள நிமிஷத்துக்கு 20 தடவ அடிச்சா மிச்சமிருக்கிற நல்ல இடமும் கிழியும். 2000ல அமெரிக்காவுல 861 பேர்கிட்ட கிலோவுக்கு 12 மில்லியையும் 6 மில்லியையும் வச்சுப் பாத்தாங்க, 12 வச்சவங்கள்ல இறந்தது 39.8 சதவீதம், 6 வச்சவங்கள்ல 31. இதுல எல்லாரும் கவனிக்க வேண்டியது, முதல் சில நாள் ஆக்சிஜன் நம்பர் நல்லா இருந்தது 12 மில்லி குரூப்புலதான்! மானிட்டர்ல நம்பர் அழகா இருந்துச்சு, ஆள் போயிட்டாங்க. அதனால சாச்சுரேஷன் (ரத்தத்துல ஆக்சிஜன் சதவீதம்) 90 காட்டுதேன்னு பதறி வால்யூமை, அதாவது ஒரு மூச்சுக்கான காத்தை, ஏத்தாதீங்க, 88ல இருந்து 95 வரைக்கும் போதும். மூச்சு உள்ள போனதும் அரை செகண்ட் நிறுத்திப் பாக்கிற பிளாட்டோ பிரஷர் 30க்குள்ள இருக்கணும். பெட்டை ஃப்ளாட்டாக்கி உச்சந்தலைல இருந்து குதிகால் வரைக்கும் அளங்க, சொந்தக்காரங்க குத்துமதிப்பா சொல்ற உயரத்தை நம்பாதீங்க.

பரேல், பிஜி ரெசிடெண்ட்: 6 மில்லில வச்சா சிஓடூ 70க்குப் போகுது, பிஎச் 7.24. நைட் டியூட்டில பயமா இருக்கு.

மூச்சைச் சின்னதா வச்சா கரியமில வாயு (சிஓடூ) ரத்தத்துல தேங்கும், ரத்தம் அமிலமாகி பிஎச் இறங்கும். முதல்ல ரேட்டை ஏத்துங்க தம்பி, நிமிஷத்துக்கு 35 மூச்சு வரைக்கும் போகலாம், மூச்சு முழுசா வெளிய வருதான்னு கிராஃப்ல பாத்துக்கிட்டே. 7.24ஐத் தாங்கிக்கலாம், 7.15க்குக் கீழ போனா அப்ப வால்யூமை கொஞ்சம் ஏத்துறதைப் பத்தி யோசிங்க. தலைல அடிபட்டு மூளை வீக்கம் இருக்கிறவங்களுக்கு மட்டும் இந்தப் பொறுமை ஆகாது. பிளாட்டோல இருந்து பீப்பைக் கழிச்சா வர்ற டிரைவிங் பிரஷரையும் எழுதி வைங்க, 15க்குள்ள இருந்தா நல்லது. பீப் எதுக்குன்னா, ஈரமான பிளாஸ்டிக் பை வாய் ஒட்டிக்கிச்சுன்னா ஒவ்வொரு தடவையும் பிச்சு எடுக்கிறது கஷ்டம்ல, அப்படி ஒட்ட விடாம மூச்சு விட்டதுக்கப்புறமும் கொஞ்சம் அழுத்தம் வைக்கிறது. ஆனா சுருங்கின நுரையீரலை ரொம்ப அழுத்தி ஒரேடியா திறந்துடலாம்னு இறங்காதீங்க, 2017ல பெரிய ஆய்வுல அப்படிப் பண்ணினவங்கள்லதான் இறப்பு அதிகமா வந்துச்சு. சின்னச் சின்ன மூச்சை ரொம்ப வேகமா அடிக்கிற ஹை ஃப்ரீக்வென்சி மெஷினும் அப்படித்தான், 2013ல ரெண்டு ஆய்வு வந்துச்சு, ஒண்ணுல பிரயோஜனமில்ல, இன்னொண்ணுல கெடுதல்.

அன்டாப் ஹில்: அப்பாவை நேத்து ராத்திரில இருந்து குப்புறப் போட்டு வச்சிருக்காங்க. மூஞ்சி வீங்கி அடையாளமே தெரியல. அம்மா பாத்துட்டு அழுதுட்டே இருக்காங்க. ஏன் இப்படி?

அம்மாகிட்ட சொல்லுங்க, இந்த நோய்க்கு எங்ககிட்ட இருக்கிற ரொம்ப நல்ல வைத்தியத்துல இது ஒண்ணு. குப்புறப் போட்டா சுருங்கிக் கிடந்த முதுகுப் பக்கம் திறக்கும், அங்கதான் ரத்த ஓட்டமும் நிறைய. 2013ல ஃபிரான்ஸ்காரங்க 466 பேரை வச்சு பண்ணின ஆய்வுல, தினம் குறைஞ்சது 16 மணி நேரம் குப்புறப் போட்டவங்கள்ல 28 நாள்ல இறந்தது 16 சதவீதம், மல்லாக்கவே படுத்திருந்தவங்கள்ல 32.8. பாதிக்குப் பாதி!

எப்படிப் பண்றோம்னும் சொல்றேன், அப்பதான் பயம் குறையும். அஞ்சாறு பேர் சேர்ந்துதான் திருப்புவோம், தலைமாட்டுல நிக்கிறவர் மூச்சு டியூபை விடவே மாட்டார், அவர் எண்ணினாத்தான் மத்தவங்க கை அசையும். அதுக்கு முன்னாடி ட்யூப் ஃபீடை நிறுத்தி வயித்தைக் காலி பண்ணி, கண்ணுக்கு ஆயின்ட்மெண்ட் போட்டு மூடி, ஈசிஜி ஸ்டிக்கரை முதுகுக்கு மாத்திடுவோம். நெஞ்சுக்கும் இடுப்புக்கும் கீழ தலகாணி, நடுவுல வயிறு அமுங்காம இருக்கும், ஒரு கை மேல ஒரு கை கீழ நீச்சலடிக்கிற மாதிரி, ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா தலையையும் கையையும் மாத்தணும். முக வீக்கம் மல்லாக்கப் போட்ட ஒண்ணு ரெண்டு நாள்ல வடிஞ்சிடும். கன்னத்துல புண்ணு வராம பாத்துக்கச் சொல்லி நீங்க கேக்கலாம், தப்பே இல்ல.

தாராவி: எக்மோ போட்டா பிழைச்சிடுவார்னு சொந்தக்காரங்க சொல்றாங்க. கடையை வித்துடலாமான்னு யோசிக்கிறோம்.

கடையைப் பத்தி முடிவு பண்றதுக்கு முன்னாடி ரெண்டு கேள்வி கேளுங்க ஐயா: 6 மில்லி வச்சாச்சா, குப்புறப் போட்டுப் பாத்தாச்சா? ரெண்டுக்கும் பெரிய செலவு இல்ல. எக்மோங்கிறது ரத்தத்தை உடம்புக்கு வெளிய எடுத்து ஆக்சிஜன் ஏத்தி திருப்பி அனுப்புற மெஷின். அதெல்லாம் ஒழுங்கா பண்ணியும் முடியலன்னாத்தான் அது, அதுவும் வெண்டிலேட்டர் போட்டு ஒரு வாரத்துக்குள்ள, மத்த உறுப்பெல்லாம் ஓரளவு நல்லா இருக்கிறவங்களுக்கு. 2018ல வந்த ஆய்வுல எக்மோ குரூப்ல 60 நாள்ல 35 சதவீதம் பேர் இறந்தாங்க, இன்னொரு குரூப்ல 46. வித்தியாசம் இருக்கு, ஆனா உறுதியா நிரூபிச்சதாச் சொல்ற அளவுக்கு இல்ல. பிழைச்சிடுவார்னு யாரும் உறுதி குடுக்க முடியாது, செலவு பல லட்சம் போகும், பின்னாடி குடும்பமும் நிக்கணும்ல.

டோம்பிவிலி: செத்தவங்களை வெண்டிலேட்டர்ல வச்சு பில் போடுறாங்கன்னு சொல்றாங்களே?

இதயம் நின்னுபோனா வெண்டிலேட்டரால உடம்பைச் சூடா வச்சிருக்க முடியாது, சில மணி நேரத்துல விறைச்சிடும். தொட்டுப் பாருங்க, மானிட்டரைப் பாருங்க. சந்தேகம் வர்றதுக்குக் காரணம் யாரும் உக்காந்து பேசாததுதான், அந்தக் கோவம் நியாயமானது. தினமும் ஒரே கேள்விகளைக் கேட்டு நோட்டுல எழுதுங்க: இன்னைக்கு ஆக்சிஜன் எத்தனை சதவீதம், பீப் எவ்வளவு, யூரின் எவ்வளவு, பிபி மருந்து ஏறுதா இறங்குதா. நாலு நாள் எழுதினா எந்தப் பக்கம் போகுதுன்னு உங்களுக்கே தெரிஞ்சிடும்.

முலுண்ட்: மயக்கத்துல இருக்கிறவருக்கு நாம பேசுறது கேக்குமா?

கேக்கலாம். பேசுங்க, தமிழ்ல, பேரைச் சொல்லி, இன்னைக்கு என்ன கிழமைன்னு சொல்லுங்க.

செம்பூர்: வீட்டுக்கு வந்து மூணு வாரம் ஆச்சு, ரெண்டு மாடி ஏற முடியல, ராத்திரி கெட்ட கனவு. நுரையீரல் போயிடுச்சா?

பெரும்பாலும் இல்ல. 2003ல கனடாவுல ஏஆர்டிஎஸ்ல இருந்து தப்பிச்சவங்களை ஒரு வருஷம் பின்தொடர்ந்து பாத்தப்ப நுரையீரல் நல்லாத் தேறியிருந்துச்சு, போகாம மிச்சமிருந்தது தசை பலவீனம். தினம் முட்டை, பருப்பு, காலைல கொஞ்சம் சாயங்காலம் கொஞ்சம் நடை, பிசியோதெரபி. கனவு, பயம் தொடர்ந்தா மனநல டாக்டரைப் பாருங்க, ஐசியூல இருந்து வந்தவங்கள்ல நிறைய பேருக்கு வரும்.

மாட்டுங்கா லேபர் கேம்ப்: லெப்டோ வராம இருக்க என்ன பண்ணணும்?

2005 ஜூலை 26ல ஒரே நாள்ல 944 மில்லிமீட்டர் மழை கொட்டினதுக்கப்புறம் இந்த ஊர்ல லெப்டோ எப்படிப் பரவுச்சுன்னு பாத்தவங்க மறக்க மாட்டாங்க. எலி மூத்திரம் கலந்த தண்ணி, கால்ல சின்னக் கீறல், அவ்வளவுதான் வேணும். வெள்ளத் தண்ணில நடந்திருந்தா 72 மணி நேரத்துக்குள்ள பக்கத்து பிஎம்சி (மாநகராட்சி) டிஸ்பென்சரில காட்டி, லெப்டோ வராம தடுக்கிற டாக்ஸிசைக்ளின் மாத்திரை வேணுமான்னு கேளுங்க, சாப்பிட்டுட்டு நிறைய தண்ணியோட போடணும். கர்ப்பமா இருக்கிறவங்களுக்கும் சின்னக் குழந்தைக்கும் அதைக் குடுக்க மாட்டோம், வேற மருந்து, அதனால பக்கத்து வீட்டுல மீந்த மாத்திரையை வாங்கிப் போட்டுடாதீங்க.